பதிவேடு பெயர்ந்த வரலாறு

கொழும்புக்குத் தெற்கே கடலோரமாக அமைந்தது கல்கிசை. அவ்வூரிலே காணி வாங்குவோரும் விற்போரும் எழுதுவிக்கும் உறுதிகளிலே, ‘சல்பிட்டி கோறளை, பள்ளேபத்து’ என்னும் பழைய நிலப்பிரிவின் பெயர் இன்றும் இடம்பெறக் காணலாம். கோறளை முதலியார்களின் காலம் கழிந்துவிட்டது. பத்துக்களை மேற்பார்த்த தலைமைக்காரரும் இன்று இலர். எனினும் அப்பெயர்கள் ஓர் உறுதியிலிருந்து மற்றோர் உறுதிக்கு எடுத்தெழுதப்பட்டு, தலைமுறை பல கடந்து வந்துள்ளன. முந்திய ஏட்டில் உள்ளதைப் பிந்திய ஏட்டில் வழுவின்றிப் பெயர்த்தெழுதும் தொழிலின் வலிமைக்கு இது ஒரு சிறு சான்று.

இக்காலத்தில் அரசாங்கப் பணிமனைகளும் வங்கிகளும் வைத்தியசாலைகளும் தம் பதிவுகளைக் கணினியிலே தரவுத்தளமாக வைத்திருக்கின்றன. அத்தரவுத்தளத்தின் உள்ளடக்கத்தை அவ்வப்போது வெளியே எடுத்து வேறோரிடத்தில் சேமித்தலும், பழைய கணினி ஓய்வு பெறுங்கால் அதனைப் புதிய கணினிக்குப் பெயர்த்தலும் அங்கே பணிபுரிவோர் கடமைகளுள் அடங்கும். இது நேற்றுப் பிறந்த தொழில்போலத் தோன்றும். ஆயினும் இலங்கையின் கரையோரத்திலே இது நானூறு ஆண்டுகளாக நடைபெற்று வந்த தொழிலேயாகும். அதன் வரலாற்றை அறிய விழைவோர் ‘தோம்பு’ என்னும் சொல்லிலிருந்து தொடங்குதல் நன்று.

தோம்பு என்பது போர்த்துக்கேயர் தந்த சொல். அவர்தம் தலைநகராகிய இலிசுபனில், கோட்டைக் கோபுரம் ஒன்றிலே மன்னரின் பதிவேடுகள் வைக்கப்பட்டிருந்தன. அது தோம்புக் கோபுரம் என்றே வழங்கிற்று. அவ்வாறு ஏடுகளைப் பேணிய நாட்டவர், கோட்டை இராச்சியத்தின் ஆட்சியைத் தாம் கைக்கொண்டபோது, யாரிடமிருந்து எவ்வளவு இறை வரும், எவர் எவ்வூழியத்துக்குக் கடமைப்பட்டவர் என்பதை அறிய விரும்பினர். சிங்கள மன்னர் காலத்தில் இவ்விவரங்கள் ‘லேக்கம் மிட்டி’ எனப்பட்ட ஓலைக் கணக்குகளில் இருந்தன. பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் போர்த்துக்கேயர் அக்கணக்குகளை ஆதாரமாகக் கொண்டு, ஊர்ப் பெரியோரை விசாரித்துத் தமது தோம்பை எழுதுவித்தனர். ஓலையிலிருந்த செய்தி தாளுக்கு வந்தது. சிங்களத்திலிருந்தது போர்த்துக்கேய மொழிக்கு வந்தது. யாழ்ப்பாண இராச்சியத்துக்கும் அவர்கள் இவ்வாறே தோம்பு எழுதினர்.

1656 இல் கொழும்பும், 1658 இல் யாழ்ப்பாணமும் ஒல்லாந்தர் வசமாயின. ஆட்சி மாறினும் சொல் மாறவில்லை. ஒல்லாந்தரும் தம் பதிவேட்டைத் தோம்பு என்றே அழைத்தனர். யாழ்ப்பாணத் தமிழிலும் அச்சொல் வேரூன்றி, காணித் தோம்பு, கோயிற் தோம்பு என வழங்கலாயிற்று. கொழும்புப் பகுதியில் விரிவான தோம்பு எழுதும் வேலை, 1736 முதல் 1740 வரை தேசாதிபதியாயிருந்த வான் இம்ஹொவ் காலத்து முயற்சிகளின் பயனாக, 1740களில் முழுமூச்சுடன் நடைபெற்றது. கண்டி மன்னனோடு மூண்ட போர் 1766 இல் உடன்படிக்கையால் முடிவுற்றது. அக்காலத்தை ஒட்டி, 1771 வரை, பதிவுகள் மீளவும் எழுதிப் புதுப்பிக்கப்பட்டன. கல்கிசையை உள்ளடக்கிய பள்ளேபத்தின் தோம்பும் அவற்றுள் ஒன்று.

அத்தோம்பின் அமைப்பு ஊன்றி நோக்கத்தக்கது. ஒல்லாந்தர் அதனை இரு கூறாக வகுத்தனர். ஒன்று தலைத்தோம்பு, மற்றது காணித்தோம்பு. தலைத்தோம்பிலே ஊர்தோறும் குடும்பங்கள் வரிசைப்படுத்தப்பட்டு, குடும்பத் தலைவன் பெயர், அவனோடு உறைவோர், அவர்தம் வயது, குலம், செய்யவேண்டிய ஊழியம் என்பன எழுதப்பட்டன. காணித்தோம்பிலே அவர்களுக்குரிய தோட்டங்களும் வயல்களும், நின்ற தென்னை, பலா, கமுகு ஆகியவற்றின் தொகையும், உரிமையின் வகையும் எழுதப்பட்டன. ஆளைப்பற்றிய செய்தி ஓரேட்டிலும் நிலத்தைப்பற்றிய செய்தி வேறேட்டிலும் இருப்பினும், ஒன்றிலிருந்து மற்றதைத் தேடிக் காணுமாறு அவை பிணைக்கப்பட்டிருந்தன. 1970 ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனத்து அறிஞரான எட்கார் கோட் என்பார், செய்திகளைத் தனித்தனி அட்டவணைகளாகப் பிரித்து உறவுமுறையால் இணைக்கும் தரவுத்தளக் கொள்கையை வெளியிட்டார். இன்றைய தரவுத்தளங்களிற் பெரும்பாலானவை அக்கொள்கையின் வழிவந்தவை. தோம்பு எழுதிய கணக்கர் அக்கொள்கையை அறியார். எனினும் தேவை அவர்களையும் அதே வழியில் நடத்திற்று.

தோம்பு பெட்டகத்திற் பூட்டி வைக்கப்பட்ட பொருளாக இருந்திருப்பின் குடிமக்களுக்கு அதனாற் பெரும்பயன் விளைந்திராது. காணி வழக்குகளை விசாரித்த ‘லாண்ட்ராட்’ என்னும் நீதிமன்றத்திலே தோம்பிலிருந்து எடுத்த பகுதிகள் சான்றாகக் காட்டப்பட்டன. இவ்வாறு முழுப் பதிவிலிருந்து வேண்டிய பகுதியை மட்டும் வெளியே எடுத்துத் தரும் வழக்கம் தோன்றிற்று. ஏட்டில் உள்ளதற்கும் எடுத்துக் கொடுத்ததற்கும் ஓர் எழுத்து வேறுபட்டாலும் ஒருவன் தன் தென்னந்தோட்டத்தை இழக்க நேரிடும். ஆகவே படியெடுத்தல் என்பது கைத்திறன் மட்டும் வேண்டிய வேலையன்று. பொறுப்பும் வேண்டிய வேலை.

படியெடுத்தலினும் அரியது, ஒரு மொழியிலிருந்து இன்னொரு மொழிக்குப் பெயர்த்தல். அதற்கு யாழ்ப்பாணத்துத் தேசவழமை நல்ல உதாரணமாகும். யாழ்ப்பாணத் தமிழரின் முதுசம், சீதனம், தேடியதேட்டம் முதலிய உரிமைகள் பற்றிய வழக்கங்களை எழுதித் தரும்படி தேசாதிபதி சைமன்ஸ் பணித்தார். அங்கே நெடுங்காலம் வாழ்ந்த கிளாஸ் ஐசாக்ஸ் என்னும் திசாவை அவற்றை ஒல்லாந்த மொழியில் தொகுத்து 1707 இல் ஒப்படைத்தார். தொகுப்பு அத்துடன் ஏற்கப்படவில்லை. அது தமிழில் மொழிபெயர்க்கப்பட்டு, பன்னிரண்டு முதலியார்களின் பார்வைக்கு வைக்கப்பட்டது. ஊர் வழக்கத்தை அறிந்த அவர்கள் படித்துப் பார்த்து உடன்பாடு தெரிவித்த பின்னரே அது நீதிமன்றங்களுக்கு உரியதாயிற்று. பிறமொழியில் ஏற்றிய செய்தியைத் திரும்பத் தாய்மொழிக்கு இறக்கி, அறிந்தோர்முன் வைத்து ஒப்புநோக்கும் இம்முறை, பெயர்ப்பு வேலை செய்வோர் எக்காலத்தும் கைக்கொள்ளவேண்டிய முறையாகும்.

1796 இல் கொழும்பு ஆங்கிலேயர் கைப்பட்டபோது ஏடுகள் இருந்த இடத்திலேயே இருந்தன. ஆனால் அவற்றை வாசிக்கவல்ல ஆட்சியாளர் இல்லாது போயினர். புதிதாக வந்தவர்க்கு ஒல்லாந்த மொழி தெரியாது. ஆகவே ஏட்டின் பயன், அம்மொழி அறிந்த பறங்கியர் குலத்து எழுதுவினைஞரையே பெரிதும் நம்பியிருந்தது. தேசவழமையோ ஆங்கிலத்திற் பெயர்க்கப்பட்டு, 1806 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரமாணத்தால் புதிய ஆட்சியிலும் சட்டமாக நிலைபெற்றது. அவ்வாண்டிலே தேசாதிபதியாயிருந்தவர் சேர் தோமஸ் மெயிற்லண்ட். கல்கிசைக் கடலோரத்தில் தமக்கென மாளிகை அமைத்தவரும் அவரே. ஆட்சியாளரின் மொழியிற் பெயர்த்து வைக்கப்பட்ட ஏடு வழக்குமன்றங்களில் உயிரோடு உலவ, பெயர்க்கப்படாத ஏடுகள் காலப்போக்கிற் பழம்பொருள்களாயின.

அப்பழம்பொருள்களைக் காக்கவும் ஒருவர் வந்தார். பறங்கியர் குலத்து அறிஞரான ஆர். ஜீ. அந்தோனிஸ், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அரசாங்கச் சுவடிகளுக்குப் பொறுப்பாளராகி, ஒல்லாந்தர் ஏடுகளை ஒழுங்குபடுத்தி, அவற்றைப் பற்றிய அறிக்கையொன்றையும் 1907 இல் வெளியிட்டார். பின்னர் யூரியான்சே என்னும் ஒல்லாந்த அம்மையார் அவற்றுக்கு முழுமையான விவரப்பட்டியல் ஒன்றை அமைத்தார். அது 1943 இல் வெளிவந்தது. ஏழாயிரத்துக்கு மேற்பட்ட தொகுதிகளுள் எதனுள் யாது உளது என்பதை அப்பட்டியலின்றி அறிதல் அரிது. கிழக்கிந்தியக் கம்பெனியின் இவ்வேடுகள் 2003 இல், ஏனைய நாடுகளிலுள்ள அக்கம்பெனி ஏடுகளோடு சேர்த்து, யுனெஸ்கோவின் உலக நினைவகப் பதிவேட்டிலே இடம்பெற்றன. ஒல்லாந்துப் பல்கலைக்கழக ஆய்வாளர் தோம்புப் பதிவுகளைக் கணினித் தரவுத்தளமாக மாற்றும் பணியையும் மேற்கொண்டுள்ளனர். ஓலையிலிருந்து தாளுக்கு வந்த செய்தி, தாளிலிருந்து கணினிக்குப் புறப்பட்டுவிட்டது.

இனி, கணினித் தரவுத்தளத்தை வெளியே எடுக்கும் முறையைச் சிறிது நோக்குவோம். தரவுத்தளத்தை நிருவகிக்கும் மென்பொருளிடம், அதன் உள்ளடக்கம் அனைத்தையும் சாதாரண எழுத்துக் கோப்பாக எழுதித் தரும்படி பணிக்கலாம். அக்கோப்பிலே முதலில் ஒவ்வோர் அட்டவணையின் அமைப்பும் எழுதப்படும். எத்தனை நிரல்கள், எந்நிரலில் பெயர், எந்நிரலில் எண், எந்நிரலில் திகதி, எந்த அட்டவணை எதனோடு பிணைந்தது என்பன அமைப்பில் அடங்கும். அதன்பின் தரவுகள் நிரை நிரையாக வரும். இக்கோப்பை வேறொரு கணினியிலே வாசிக்கச் செய்தால், அது முதலில் வெற்று அட்டவணைகளை அமைத்து, பின்னர் அவற்றை நிரப்பிப் பழைய தரவுத்தளத்தை மீண்டும் உருவாக்கும்.

கணினியின் வட்டிலுள்ள கோப்புகளை அப்படியே படியெடுத்தால் என்ன என்று ஒருவர் வினவலாம். அவ்வாறும் செய்வதுண்டு, பெருந் தரவுத்தளங்களுக்கு அது விரைவானதுமாகும். ஆயினும் அக்கோப்புகள் பெரும்பாலும் அதே மென்பொருளுக்கும் அதன் அதே பதிப்புக்குமே விளங்குவன. மென்பொருள் மறைந்தால் அவையும் ஊமையாகும். எழுத்துக் கோப்போ, ஒல்லாந்தம் அறிந்த எழுதுவினைஞரை எதிர்பார்த்திருக்கும் ஏடு போன்றதன்று. சிறிது பயிற்சியுடையவர் எவரும் அதனைத் திறந்து வாசிக்கலாம். வேறொரு மென்பொருளுக்கு ஏற்பத் திருத்தியும் கொள்ளலாம். பெயர்ச்சிக்கு இம்முறை பெரிதும் விரும்பப்படுவதன் காரணம் இதுவே.

இங்கே கவனிக்கவேண்டிய நுட்பம் ஒன்றுண்டு. தலைத்தோம்பைக் காலையிலும் காணித்தோம்பை மாலையிலும் ஒருவர் படியெடுக்கிறார் என்று கொள்வோம். நண்பகலிலே ஒரு தோட்டம் கைமாறி, வாங்கியவன் புதிதாக அவ்வூரிற் குடியேறியவனாயின், பிரதியிலுள்ள காணித்தோம்பில் அவன் பெயர் இருக்கும். தலைத்தோம்பிலோ அவனே இரான். இரு ஏடும் தனித்தனியே பிழையற்றவை. சேர்த்துப் பார்த்தாற் பொய்யானவை. இதனைத் தவிர்க்க, இன்றைய மென்பொருள்கள் படியெடுப்பு தொடங்கிய கணத்திலிருந்த நிலையையே இறுதிவரை கண்முன் நிறுத்தி எழுதும் வசதியைத் தருகின்றன. அவ்வசதியைப் பயன்படுத்தாது எடுக்கும் பிரதி, இடர்வந்த நாளிலே கைவிட்டுவிடக் கூடும்.

தமிழருக்கு மற்றோர் இடரும் நேர்ந்தது. இலங்கைத் தமிழ்ப் பத்திரிகைகளிலும் பதிப்பகங்களிலும் பல ஆண்டுகள் வழங்கிய எழுத்துரு பாமினி என்பது. அதிலே எழுதிய ‘தமிழ்’ என்னும் சொல்லைக் கணினி தமிழாக அறியாது. ஆங்கில எழுத்துக்களாகிய ஜே, கே, பி, ஓ என்னும் நான்கும் ஓர் அரைப்புள்ளியுமாகவே அதனைச் சேமித்து வைத்தது. பாமினி எழுத்துரு இருந்தால் திரையிலே தமிழ் தோன்றும். அது இல்லாத கணினியிலே பொருளற்ற எழுத்துக் குவியலே தோன்றும். தரவு அழியவில்லை, அதன் திறவுகோலே தொலைந்தது. உலகப் பொதுக் குறியேற்றமாகிய ஒருங்குறியிலே, 1991 இல் வெளிவந்த முதற் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் ஒதுக்கப்பட்டது. எனினும் பழைய குறியேற்றங்களில் இருந்தவற்றை அதற்குப் பெயர்ப்பது பல ஆண்டு வேலையாயிற்று. 1998 ஆம் ஆண்டுப் பொங்கலன்று, சுவிற்சர்லாந்திலே வாழ்ந்த அறிஞர் கலியாணசுந்தரத்தின் முன்னின்ற முயற்சியால் தொடங்கிய மதுரைத் திட்டம், திஸ்கி என்னும் குறியேற்றத்திலே பழந்தமிழ் நூல்களை வெளியிட்டது. பின்னர் அந்நூல்களை ஒருங்குறியிலும் தந்தது. அவ்வாறு பெயர்த்திராவிடின், அத்தொண்டர்கள் தட்டெழுதிய நூல்களை இன்றைய கைபேசியிலே வாசித்தல் இயலாது.

பிரதி இல்லாமையின் கொடுமையை ஈழத் தமிழருக்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை. 1981 ஆம் ஆண்டு மே 31 ஆம் திகதி இரவில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டது. ஏறக்குறைய 97,000 நூல்களும் சுவடிகளும் அங்கே இருந்தன. அச்சு நூல்களுள் பல, வேறு நூலகங்களிலும் வீடுகளிலும் இருந்தமையால் மீண்டும் தேடிப் பெறத்தக்கனவாயின. வேறு பிரதி இல்லாத ஓலைச்சுவடிகளும் அரிய ஏடுகளும் அவ்விரவோடு முடிந்தன. கட்டடம் திருத்தப்பட்டு 2003 இல் மீண்டும் திறக்கப்பட்டது. கட்டடத்தை மறுபடி எழுப்பியதுபோல் அவ்வேடுகளை எழுப்புதல் யாராலும் இயலாது. அந்த இழப்பின் நினைவு மாறாத தலைமுறையினரே 2005 இல் ‘நூலகம்’ என்னும் எண்ணிமத் தொகுப்பைத் தொடங்கினர். பல்லாயிரம் ஈழத்து நூல்களும் சஞ்சிகைகளும் பத்திரிகைகளும் அதிலே வருடிச் சேர்க்கப்பட்டு, எங்கிருப்போரும் வாசிக்கக் கிடைக்கின்றன.

இப்பாடத்தை இந்நாட்டின் சட்டம் முன்னரே ஒருவாறு அறிந்திருந்தது எனலாம். வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ ஒருவர் வீடு வாங்கினால், நொத்தாரிசு எழுதும் உறுதியின் மூலம் வாங்கியவர் கையிற் சேரும். ஒரு பிரதி நொத்தாரிசின் கோவையில் இருக்கும். இன்னொரு பிரதி காணிப் பதிவகத்துக்கு அனுப்பப்படும். வீட்டிலே கறையான் அரித்தாலும் வெள்ளம் புகுந்தாலும் மற்றையிரண்டும் எஞ்சும். மூன்று பிரதிகள் வைத்துக்கொள், அவற்றை இருவகைப் பொருள்களில் வை, ஒன்றையாவது வேறிடத்தில் வை என்று கணினித் துறையினர் இன்று கூறும் விதியின் முற்பகுதியும் பிற்பகுதியும் அவ்வழக்கத்தில் அடங்கியுள்ளன.

விதியை அறிந்தும் கைவிட்டால் நேர்வது யாது என்பதை 2023 ஆம் ஆண்டு காட்டிற்று. இலங்கை அரசாங்கத்தின் முகிற்கணினித் தொகுதியைக் கப்பம் பறிக்கும் தீநிரல் ஒன்று தாக்கி, ஏறக்குறைய 5,000 அரசாங்க மின்னஞ்சல் முகவரிகளைப் பாதித்தது. பிரதி எடுக்கப்படாமல் இல்லை. ஆனால் அப்பிரதியும் மூலத்தோடு இணைந்த தொகுதியிலேயே இருந்தமையால், தீநிரல் இரண்டையும் ஒருங்கே பூட்டிவிட்டது. மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையிலான மின்னஞ்சல்கள் மீளப்பெற முடியாதனவாயின. நூறு நாள்களுக்கு அரசாங்கப் பணிமனைகள் பல எழுதியதும் பெற்றதுமான கடிதங்கள் அவை. ஒரே வீட்டில், ஒரே பெட்டகத்தில், மூல உறுதியையும் பிரதியையும் வைத்துப் பூட்டியவனின் நிலையே அங்கு நேர்ந்தது.

இலிசுபன் நகரத்துத் தோம்புக் கோபுரத்துக்கும் ஒரு நாள் இடர் வந்தது. 1755 நவம்பர் 1 ஆம் திகதி நிகழ்ந்த பெரும் பூகம்பத்தில் அது இடிந்து வீழ்ந்தது. எழுபது வயது கடந்தவரும் ஏடுகளுக்குப் பொறுப்பாளருமாகிய மனுவேல் த மாயா என்னும் பொறியியலாளர், இடிபாட்டுக்குள்ளிருந்து அவற்றை எடுப்பித்து மரக்கொட்டிலொன்றிற் சேர்த்தார். ஏடுகள் பெரும்பாலும் தப்பின. அத்தகைய பொறுப்பாளர் வாய்ப்பதும், ஏடு தீப்பற்றாமல் மண்ணில் மட்டும் புதைவதும் எந்நாளும் கிட்டும் பேறுகளல்ல. பேற்றை நம்பாது முறையை நம்புதலே அறிவுடைமை.

அம்முறை கடினமானதன்று. குறித்த நாளில் தரவுத்தளத்தை வெளியே எடுத்தல் வேண்டும். எடுத்ததைப் பிறரும் வாசிக்கத்தக்க வடிவிலும், தமிழாயின் ஒருங்குறியிலும் வைத்தல் வேண்டும். ஒரு பிரதியையாவது மூலத்தோடு தொடர்பற்ற வேறிடத்திற் சேர்த்தல் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஆண்டிற் சில முறையேனும் அப்பிரதியை வேறொரு கணினியில் ஏற்றி, நிரைகளின் தொகை ஒத்திருக்கிறதா, பெயர்கள் சிதையாமல் வருகின்றனவா என்று பார்த்தல் வேண்டும். பன்னிரண்டு முதலியார்கள் அமர்ந்து தேசவழமையை ஒப்புநோக்கியது இப்பணியைத்தான். சோதித்துப் பாராத பிரதி, வாசித்துப் பாராமற் கையொப்பமிட்ட உறுதியை ஒக்கும்.

தோம்பு எழுதிய கணக்கரின் பெயர்களை இன்று எவரும் நினைப்பதில்லை. கல்கிசைக் கரையில் அவர்கள் எண்ணிய தென்னைகளும் இன்றில்லை. அவை நின்ற நிலத்தில் வீடுகளும் கடைகளும் எழுந்துள்ளன. ஆயினும் இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் அங்கே எக்குடும்பம் இருந்தது, எத்தனை மரம் நின்றது என்று கேட்பவர்க்குக் கொழும்பிலுள்ள தேசியச் சுவடிக்கூடத்து ஏடு விடை கூறுகிறது. இன்று கணினியில் எழுதப்படும் பிறப்பும் இறப்பும், காணியும் கடனும், நோயும் மருந்தும் இன்னொரு தலைமுறைக்கு அவ்வாறு விடை கூறவேண்டுமாயின், அவற்றைப் பேணுவோர் படியெடுத்தலை இன்றே செய்தல் வேண்டும்.